சிரிக்கிற மூஞ்சிக்கு ஒரே அமுக்கு

என் மாமியாருக்கு மூட்டு வலி அதிகமில்லை என்று பதினான்கு மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்காமல் நாலு பேரிடம் சொல்லிப் பெருமையும் பட்டேன். அந்தப் பெருமையை இன்று நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எனக்கு ஹட்டனில் வேலை. ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இயங்கும் சின்னத் தொண்டு நிறுவனம். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களின் மூட்டு வலிக்காகக் கைத்தொலைபேசியில் ஒரு செயலி செய்யும் திட்டம் வந்தபோது என்னை அதில் போட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த கணினிப் பிள்ளைகளுக்குத் தோட்டம் தெரியாது. தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் செயலி தெரியாது. நடுவில் நின்று பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள், கம்பஸில் பட்டம் முடித்தவள், வாயும் கொஞ்சம் நீளம். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று அவர்களும் நினைத்தார்கள், அவர்களைவிட அதிகமாக நானும் நினைத்தேன்.

செயலி ஒன்றும் பெரிய வித்தையில்லை. தினமும் காலை ஆறரைக்குப் போன் மணி அடிக்கும். "இன்னைக்கு வலி எப்படி இருக்குங்க?" என்று ஒரு பெண் குரல் கேட்கும். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக வைத்த குரல் அது. என் குரல்தான். திரையில் மூன்று முகங்கள் வரும். பச்சையில் சிரிக்கிற முகம், மஞ்சளில் சும்மா இருக்கிற முகம், சிவப்பில் அழுகிற முகம். சிரிக்கிற முகத்தை அழுத்தினால் "நல்லதுங்க" என்று சொல்லி மூடிக்கொள்ளும். மற்ற இரண்டில் எதை அழுத்தினாலும் ஆறு கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எங்கே வலி, எப்போதிலிருந்து வலி, வீக்கம் இருக்கிறதா, காலையில் மூட்டு இறுகிப்போகிறதா, எவ்வளவு நேரம் இறுகியிருக்கும், வீட்டு வேலை செய்ய முடிகிறதா. ஒவ்வொன்றுக்கும் பதிலை அழுத்த வேண்டும்.

அந்தப் பதில்களை வைத்து ஒரு பட்டியல் தயாராகும். மாதம் இரண்டு முறை எங்கள் திட்டத்துக்காக ஒரு மூட்டு மருத்துவர் கண்டியிலிருந்து வருவார். ஒரு நாளில் அவர் பார்க்கக்கூடியது கொஞ்சப் பேரைத்தான். சிவப்பில் இருப்பவர்கள் பட்டியலில் மேலே வருவார்கள், முதலில் அவரிடம் போவார்கள். பச்சையில் இருப்பவர்கள் கீழே கிடப்பார்கள்.

ஆறு கேள்விகள் வேண்டும் என்று அடம்பிடித்தது நான். மருத்துவருக்கு விவரம் வேண்டுமே, சும்மா அழுகிற முகத்தை மட்டும் பார்த்து அவர் என்ன செய்வார் என்று கூட்டத்தில் வாதாடினேன். கொழும்பிலிருந்து வந்தவர்களில் ஒரு பெண் இருந்தாள், அதிகம் பேசாதவள். அவள்தான் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, வலி இருக்கிறவங்கதானே அதிகமா அழுத்த வேண்டியிருக்கு? கைவிரல் வலிக்கிறவங்களுக்கு இது கஷ்டமா இருக்காதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் ஆட்களைப் பற்றி இவள் எனக்குச் சொல்லித்தருவதா என்று நினைத்தேன். "தங்கச்சி, எங்க ஆளுங்க முப்பது வருசம் கொழுந்து எடுத்த விரலோட இருக்காங்க. ஆறு தடவை போனைத் தொடுறது அவங்களுக்கு ஒரு வேலையா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்து தன் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டாள். என் சனங்களின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் நான் தேத்தண்ணியைக் குடித்தேன். முப்பது வருடம் கொழுந்து எடுத்ததால்தான் அந்த விரல்கள் ஓய்ந்துபோயின, அதனால்தான் இந்தத் திட்டமே வந்தது என்பது அந்த நிமிடத்தில் எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாதியில் விட்ட பதில்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொன்னதும் நானே. கைதவறி எதையாவது அழுத்திவிட்டுப் போகிறவர்களால் பட்டியல் குழம்பிவிடும் என்று பயந்தேன். அதையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

செயலியை முதலில் யாரிடமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். என் மாமியாரைவிடத் தோதான ஆள் எங்கே கிடைப்பார்? பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில், கணவர் இறந்த பிறகும் அதே லயத்து வீட்டில் தனியாக இருந்தார். ஹட்டனுக்கு வந்து எங்களோடு இருங்கள் என்று என் கணவர் எத்தனையோ தடவை கூப்பிட்டும் வரவில்லை. எனக்கும் மாமிக்கும் சண்டை எதுவும் கிடையாது. சண்டை போடும் அளவுக்கு நாங்கள் பேசிக்கொண்டதில்லை. நான் போனால் ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, தேத்தண்ணி ஊற்றித் தருவார். "நல்லாருக்கீங்களா மாமி?" என்பேன். "இருக்கேம்மா" என்பார். அவ்வளவுதான் எங்கள் உறவு. அந்த ரொட்டி மட்டும் அப்படி ஒரு ருசி.

போனைக் கொண்டுபோன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாசல் தாழ்வாரத்தில், இஸ்தோப்பில் கிடந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். நான் உற்சாகத்தில் இருந்தேன். பாருங்க மாமி, இது நம்ம ஆளுங்களுக்காகவே செஞ்சது, எழுத்தெல்லாம் பெருசு, பேசுறது நான்தான் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் விரலை நீட்டித் திரையைத் தொட்டும் தொடாமலும் எடுத்தார். திரை அசையவில்லை. மறுபடியும் தொட்டார். நகம் பட்டதே தவிர விரல் அழுந்தவில்லை. எனக்குப் பொறுமை போதாது. "இப்படிங்க மாமி" என்று அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து, சின்னப் பிள்ளைக்கு அகரம் எழுதப் பழக்குவதுபோல, திரையில் வைத்து அழுத்தினேன். அவர் "ஸ்ஸ்" என்று மூச்சை உள்ளே இழுத்தார்.

"பயப்படாதீங்க, கடிக்காது" என்று கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். திரும்ப நாலைந்து தடவை அதே விரலைப் பிடித்து அழுத்திக் காட்டினேன். படித்தவள், சொல்லிக்கொடுக்கிறவள் என்ற மிதப்பு வேறு.

அன்றிலிருந்து நான்காவது நாளே மாமியின் பெயருக்கு நேரே பச்சை வந்துவிட்டது. அதன் பிறகு ஒருநாள் தவறாமல் பச்சைதான். அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். எழுபதை நெருங்கும் ஒரு பெண் ஒரு காலையைக்கூடத் தவறவிடாமல் பதில் கொடுக்கிறார், வலியும் இல்லை. எங்கள் திட்டத்தைப் பற்றிக் கொழும்புக்கு எழுதிய அறிக்கையில் அவரை உதாரணமாகப் போட்டேன்.

மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவந்தேன். கண் இருந்தது, பார்க்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்கினார். குளிருக்கு அப்படிப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். சட்டைக் கொக்கிகள் திறந்து கிடந்தன, மேலே ஒரு சால்வையை இழுத்துப் போட்டிருந்தார். வயதாகிவிட்டது, கவனமில்லை என்று நினைத்தேன். ஒரு நாள் ரொட்டிக்குப் பதில் பேக்கரியில் வாங்கிய பணிஸ் இரண்டைத் தட்டில் வைத்தார். அடுத்த மாதமும் பணிஸ்தான். மருமகளுக்கு ஒரு ரொட்டி தட்டக்கூட மாமிக்கு அலுப்பாகிவிட்டது என்று பஸ்ஸில் வரும்போது முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். என்ன மனுஷி நான்.

என் கணவருக்குச் சந்தேகம் வந்தது. "அம்மா கை ஒரு மாதிரி இருக்கே, கவனிச்சியா?" என்று ஒருமுறை கேட்டார். நான் போனைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "பாருங்க, தினமும் பச்சை. அவங்களே சொல்றாங்க வலி இல்லைன்னு. நீங்க சும்மா கெளப்பாதீங்க." அவர் வரிசையாக நின்ற பச்சைப் புள்ளிகளைப் பார்த்தார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. படித்த மனைவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார், பாவம்.

பதினான்காவது மாதத்து மழையில் பொகவந்தலாவை வீதியில் ஓரிடத்தில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. மாமியைப் பார்க்கப் போயிருந்த நான் அங்கேயே தங்கவேண்டியதாயிற்று. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் அவரோடு தனியாகத் தங்கியது அதுதான் முதல் தடவை.

காலையில் நான் கண் விழித்தபோது மாமி முகம் கழுவி, தலையை ஒதுக்கி, சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நேராக நின்றுகொண்டிருந்தார். இடது உள்ளங்கையில் போன். எதற்காக இப்படி நிற்கிறார் என்று பார்த்தேன். ஆறரைக்கு மணி அடித்தது. "இன்னைக்கு வலி எப்படி இருக்குங்க?" என்று என் குரல் அந்தக் குளிரில் கேட்டது. மாமி வலது கையை மடக்கி, கட்டை விரலின் கணுவால் சிரிக்கிற முகத்தில் ஒரு குத்துக் குத்தினார். "நல்லதுங்க" என்றது என் குரல். மாமி போனைக் கொண்டுவந்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாமி, என்னாத்துக்கு வெளிய போய் நிக்கிறீங்க?"

"ஆறரைக்கு மணி அடிக்குதேம்மா. பெரட்டு நேரம். உக்காந்துக்கிட்டா பேர் குடுக்குறது?"

பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் போகும் முன் எல்லோரும் கூடிப் பெயர் கொடுக்கிற இடம். எந்த மலைக்குப் போவது என்று அங்கேதான் பிரித்துவிடுவார்கள். ஆறரை என்று நேரம் குறித்ததும் நான்தான், வயதானவர்கள் அந்த நேரத்துக்கு எழுந்திருப்பார்கள் என்று. பெரட்டில் பெயர் கூப்பிட்டால் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அங்கே நின்று கை நோகிறது, கால் நோகிறது என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கிடம் கதை சொல்ல ஆரம்பித்தால் அன்றைய வேலை போகும். லயத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். போனில் வந்தால் அது வேறு என்று நினைத்துவிட்டேன்.

"சரி, வலி இல்லையாங்க உங்களுக்கு?"

"இருக்குதான்."

"பொறவு ஏன் சிரிக்கிற மூஞ்சிய அமுக்குறீங்க?"

மாமி என்னை அதிசயமாகப் பார்த்தார், இதுகூடத் தெரியாதா என்பது போல.

"அழுவுற மூஞ்சிய அமுக்குனா அது விடாதும்மா. ஒண்ணு மாத்தி ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் அமுக்கணும். காலைல வெரலு மரக்கட்டையாட்டம் இருக்கு, எங்கிட்டு அமுக்குறது? சிரிக்கிற மூஞ்சிக்கு ஒரே அமுக்கு. விட்டுடும்."

எழுந்துபோய் அவருடைய கைகளைப் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சத்தில், நிதானமாக. விரல் கணுக்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி முண்டும் முடிச்சுமாக வீங்கியிருந்தன. நான்கு விரல்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. நீட்டச் சொன்னேன். அவர் முயன்றார். முடியவில்லை.

எனக்கு வந்தது அழுகையில்லை, கோபம். அதுவும் அவர்மேல். "வாயத் தொறந்து சொன்னா என்னங்க மாமி? மாசா மாசம் வர்றேன்ல?" என்று கத்திவிட்டேன். அவர் இரண்டு கைகளாலும் கேத்தலை அணைத்துத் தூக்கி அடுப்பில் வைத்தார். மாசா மாசம் வந்தவள் என்ன கேட்டாள்? நல்லாருக்கீங்களா என்று கேட்டாள். அதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று இந்த மலையில் யாருக்குத் தெரியாது?

வீதி திறந்ததும் ஹட்டனுக்கு வந்து, நேரே அலுவலகம் போய், கணக்கில் எடுக்காமல் ஒதுக்கிய பதில்களைத் திறந்து பார்த்தேன். மாமியின் முதல் மூன்று நாட்களும் அங்கே இருந்தன. முதல் நாள் அழுகிற முகம். மூன்று கேள்விகளுக்குப் பதில் அழுத்தி நான்காவதில் நின்றிருந்தார். இரண்டாம் நாளும் அழுகிற முகம். ஒரு பதில்தான். மூன்றாம் நாள் அழுகிற முகம் மட்டும், வேறொன்றுமில்லை. அவர் சொல்லத்தான் செய்திருக்கிறார். மூன்று நாள் சொல்லியிருக்கிறார். முழுமையில்லை என்று நான் எழுதிய விதி அதைத் தூக்கி ஓரத்தில் போட்டிருந்தது.

மாமியைப் போல வேறு சிலரும் அந்த ஒதுக்கலில் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசினோம். அவர்களில் பெரும்பாலோருக்கு மருந்து தொடங்க இன்னும் நேரமிருந்தது. மாமிக்கு இல்லை.

மருத்துவர் நல்ல மனிதர். மாமியின் கைகளைத் தன் கைகளில் ஏந்தி ஒவ்வொரு கணுவாகத் தொட்டுப் பார்த்தார். இரத்தம் சோதித்தார், படம் எடுக்கச் சொன்னார். வேலை செய்து தேய்ந்த மூட்டு மட்டுமில்லை, உடம்பே மூட்டைத் தின்கிற நோய் இது என்றார். ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் கட்டுப்படுத்தியிருக்கலாம், இனிக் கொடுக்கும் மருந்து வலியைக் குறைக்கும், மேலும் கெடாமல் பிடித்துவைக்கும், கோணியதை நிமிர்த்தாது என்று சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, "ஏன் இவ்வளவு நாள் கூட்டிட்டு வரல?" என்று சாதாரணமாகக் கேட்டார். பட்டியலில் கீழே இருந்தாங்க டாக்டர் என்றேன். பட்டியலை யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

செயலியை மாற்றினோம். இப்போது எந்த முகத்தை அழுத்தினாலும் ஒரே அழுத்துதான். அழுகிற முகம் வந்தால் எங்கள் மருத்துவத் தாதி போன் எடுத்து மற்றதை வாயால் கேட்டுக்கொள்வார். முகங்களைத் திரை நிறையப் பெரிதாக்கி, விரலால் முடியாதவர்கள் கணுவாலோ உள்ளங்கையாலோ தட்டினாலும் ஏற்கும்படி செய்தார்கள். காலையில் விரல் இறுகியிருக்கும் என்பதால் நேரத்தைப் பத்து மணிக்குத் தள்ளினோம். இரண்டு நாள் பதில் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் போகும். எல்லாவற்றையும் செய்தது அன்று தலைகுனிந்து எழுதிய அந்தப் பெண்தான். நான் அப்பவே கேட்டேனே என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. மன்னிச்சுக்கோ தங்கச்சி என்றேன். "பரவாயில்லக்கா" என்று கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கொழும்பில் ஒரு கூட்டத்தில் அந்த மாற்றங்களைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். முதியவர்களுக்கு எப்படிச் செய்ய வேண்டும் என்று மேடையில் நின்று விளக்கினேன். கைதட்டினார்கள். எதைப் பார்த்து இதையெல்லாம் கற்றீர்கள் என்று ஒருவர் கேட்டார். களத்தில் கற்றுக்கொண்டோம் என்று சொல்லி இறங்கிவிட்டேன். அந்தக் களம் யாருடைய கை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மாமி இப்போது எங்களோடு ஹட்டனில் இருக்கிறார். கூப்பிட்டபோதெல்லாம் வராதவர், தனியாக ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்ற முடியாமல் போனபிறகு வந்தார். காலையில் நான் தலை சீவிவிடுகிறேன், சட்டைக் கொக்கி மாட்டுகிறேன், சாப்பாட்டைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வைக்கிறேன். ரொட்டி நான்தான் சுடுகிறேன். அவருடையது போல வருவதில்லை. நல்லாருக்கு என்று சாப்பிடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை முதுகுப்பக்கம் நின்று கொக்கி மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்த ஆறு கேள்விகளையும் நானே கேட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. எல்லாம் மனப்பாடம்தானே, என் குரல்தானே.

"மாமி, எங்கங்க வலிக்குது?"

"ரெண்டு கையும்தான். மணிக்கட்டும் சேந்து."

"எப்ப இருந்து?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"நீ அந்த போனக் கொண்டாந்த அன்னைக்கே ரெண்டு கையும் வீங்கித்தாம்மா இருந்துச்சு. வெரலப் புடிச்சு அமுக்கிக் காட்டுனியே, அப்ப உசுரு போயிட்டு வந்துச்சு."

என் கை கொக்கியிலேயே நின்றுவிட்டது.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லங்க மாமி?"

"நீ அம்புட்டு ஆசையா சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்த. எப்பிடிம்மா சொல்றது?"

மிச்சமிருந்த நான்கு கேள்விகளை நான் கேட்கவில்லை. கொக்கியை மாட்டி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாமி திரும்பிப் பார்க்காமல், அவசரப்படுத்தாமல், நேராக நின்றுகொண்டிருந்தார்.